கடியப்பட்டணத்து மணலுக்கு மஞ்சள் பூசிய கதை

நாகர்கோவிலில் புதிதாக ஒரு சித்திரப் பத்திரிகை வரப்போகிறது. அதைத் தொடங்குகிறவர்கள் போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு என் வீட்டுக்கு வந்து, “வரைகோல் பத்திரிகையின் வரலாற்றை நீங்கள்தான் எழுதித் தரவேண்டும்” என்றார்கள். அதில் வேலை பார்த்தவர்களில் கூப்பிடு தூரத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதைத் தவிர வேறு தகுதி எதையும் அவர்கள் சொல்லவில்லை. நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

வரலாறு என்றால் ராஜா பிறப்பார், பட்டம் கட்டுவார், நாலு சண்டை போடுவார், செத்துப்போவார். எங்கள் பத்திரிகையும் பிறந்தது, செத்தது. நடுவில் ஒரே ஒரு சண்டை நடந்தது. அது மணலின் நிறத்தைப் பற்றியது. அதை மட்டும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியும்.

எனக்கு இன்னும் ஐம்பது வயது ஆகவில்லை. ஓய்வு பெற்றது நான் அல்ல, என் கண்கள். மரக்கட்டையில் படம் வெட்டிப் பிழைத்தவனிடம் டாக்டர், “இனிமேல் பக்கத்தில் உள்ளதைப் பார்க்காதீரும், தூரத்தில் உள்ளதைப் பாரும்” என்று சொல்லிவிட்டார். தூரத்தில் பார்த்துச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம் எனக்குத் தெரிந்து முட்டம் கலங்கரை விளக்கில்தான் உண்டு. அங்கே ஆள் எடுக்கவில்லை.

தொழில் பழகிய ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு மிஷன் அச்சகத்தில் சேர்ந்தேன். வேதக் கதைகளைச் சொல்லும் துண்டுப் பிரசுரங்களுக்குப் படம் வெட்டுவது வேலை. வேதத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒட்டகம் வந்துவிடுகிறது. நான் ஒட்டகத்தைக் கண்டதில்லை. துரைமார் காட்டிய ஒரு பழைய படத்தைப் பார்த்து வெட்டினேன். கழுத்து எருமைக்கு உள்ளதாகவும் முதுகு பொதி ஏற்றிய மாதிரியும் வந்தது. குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து புறப்பட்ட சாஸ்திரிகள் என் கைவண்ணத்தில் எருமைமேல் ஏறித்தான் பெத்லகேமுக்குப் போனார்கள். ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதில் சந்தேகம் வரவில்லை. அவர்களும் ஒட்டகத்தைக் கண்டதில்லை.

அந்த ஒட்டகம்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. அந்தச் சமயம் நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்குள் சகோதரி பிள்ளைகளுக்குச் சொத்துப் போகிற மருமக்கள் வழி போய், சொந்தப் பிள்ளைகளுக்குப் போகிற மக்கள் வழி வந்தது. சட்டம் வந்ததும் குடும்பச் சொத்தெல்லாம் பாகமாயிற்று. பாகம் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் மிச்சப் பாகத்துக்கு வழக்குப் போட்டார்கள். மாதேவன் பிள்ளை மட்டும் கொட்டாரத்துப் பக்கம் தமக்குக் கிடைத்த வயலை விற்க ஆரம்பித்து, அதைக் கொண்டு வரைகோல் என்ற இந்தச் சித்திரப் பத்திரிகையை நடத்தினார். வழக்குப் போட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்குப் பைத்தியம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

என்னை வரச்சொல்லி அந்தத் துண்டுப் பிரசுரத்தை மேசைமேல் வைத்தார். “இது என்ன மிருகம்வே?”

“ஒட்டகம் அண்ணாச்சி.”

அவர் அதைத் தலைகீழாகத் திருப்பினார். எந்தப் படத்தையும் முதலில் தலைகீழாகப் பார்ப்பது அவர் வழக்கம். அப்படிப் பார்த்தால் ஆள், மாடு, மரம் எல்லாம் போய் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும் என்பார். கொஞ்ச நேரம் பார்த்தார். “மிருகம் சரியில்லை. நிழலு மோசமில்லை. நாளைக்கு வாரும்.”

‘மோசமில்லை’ என்பதுதான் அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சமான பாராட்டு. நன்றாயிருக்கிறது என்பதற்கு ‘கொள்ளாம்’ என்பது எங்கள் ஊரில் தெருவில் கிடக்கிற சொல். அவியலுக்கும் சொல்வோம், மாப்பிள்ளைக்கும் சொல்வோம். பிள்ளைவாள் வாயில் அது வந்து வெகுகாலம் நான் கேட்டதில்லை.

பத்திரிகை கோட்டாற்றில் ஒரு பழைய நெல்லுப்புரையில் நடந்தது. உயிரோடிருக்கிற சித்திரக்காரர்களின் படம் மட்டுமே போடுவோம். பெரிய பெரிய பழைய மகான்களின் படத்தைப் போடலாமே என்று கேட்டவர்களுக்கு, “செத்தவன் வந்து கையெழுத்துப் போடுவானாவே?” என்று பதில் சொல்வார். இந்தக் கையெழுத்து விஷயத்தைப் பிறகு சொல்கிறேன். சாமி படமும் கிடையாது. ஆனாலும் ஜனங்கள் விடவில்லை. ஒருத்தி முறத்தில் நெல் புடைக்கிற படத்தை ஒரு மாதம் போட்டோம். சுசீந்திரத்தில் ஒரு சந்தாதாரர் வீட்டில் அவளுக்குச் சட்டம் போட்டு, பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன தேவி என்று கேட்டதற்கு, முறம் வைத்திருப்பதால் ஜேஷ்டையாக இருக்கலாம் என்று அந்த வீட்டுக்காரர் அபிப்பிராயப்பட்டார். ஜேஷ்டை என்றால் மூதேவியாயிற்றே, யாரும் வீட்டில் வைக்க மாட்டார்களே என்றேன். அவருக்கு முகம் வெளிறிவிட்டது. சந்தாவை நிறுத்திக்கொண்டார்.

மாதம் ஒரு வண்ணப்படம் உண்டு. தனித்தாளில் அச்சிட்டு நடுப்பக்கத்தில் ஒட்டுவோம். மூலப்படத்தைப் பத்திரமாகக் கட்டி மதராஸுக்கு அனுப்பினால், அங்கே அதைப் போட்டோ பிடித்து மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று பிளாக் செய்து அனுப்புவார்கள். அவை ரயிலில் திருநெல்வேலிக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி எங்களிடம் வரும். மஞ்சளை முதலில் அடிக்க வேண்டும். அது காய்ந்தபின் அதன்மேல் சிவப்பு. அது காய்ந்தபின் நீலம். மூன்றும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் படம். பிசகினால் ஒரே ஆளுக்கு இரண்டு மூக்கு.

பிசகாமல் பார்த்துக்கொள்வது மெஷின்மேன் மீரான் அண்ணன் பொறுப்பு. கோட்டாற்றுக்காரர். காலால் மிதித்து ஓட்டுகிற மெஷின். அவருக்குப் பகைவன் காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று அடித்தால் தாள் சுருங்கும். மழை பெய்தால் தாள் விரியும். மஞ்சள் அடித்தபோது இருந்த அளவு நீலம் அடிக்கும்போது இருக்காது. அதனால் வண்ணப்படம் ஓடுகிற நாட்களில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவார். உள்ளே நாங்கள் அவிவோம். “வே ஞானம், நரகம் எப்பிடி இருக்கும்னு உங்க வேதத்துல போட்டிருக்கா?” என்று மிதித்துக்கொண்டே கேட்பார். போட்டிருக்கிறது என்றால், “அங்கயும் ஜன்னலு சாத்தித்தான் இருக்குமா?” என்பார்.

இனி கையெழுத்து. படம் வரைந்தவர் நேரில் வரவேண்டும். முற்றத்தில் வெயிலில் ஒரு பெஞ்சு. அதில் மூலப்படத்தை ஒரு பக்கமும் முதலில் அடித்த தாளை மறுபக்கமும் வைப்போம். அவர் பார்த்து, சம்மதமானால் தாளின் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்துப் போடுவார். போட்டால் மெஷின் ஓடும். போடாவிட்டால் ஓடாது. ஓவியர் ஒருவர் தம் படத்து ஆகாயத்தின் நீலம் பிடிக்கவில்லை என்று நான்கு தடவை திருப்பி அனுப்பினார். அந்த மாதப் பத்திரிகை அடுத்த மாதம் வந்தது. பிள்ளைவாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. “அவன் படம், அவன் கையெழுத்து” என்றார். மதராஸிலும் பம்பாயிலும் இப்படி ஒரு நடைமுறை இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. அங்கே உள்ளவர்களுக்கு விற்க வயல் இல்லாமல் இருந்திருக்கும்.

மிக்கேல் வந்தது இந்தப் பெஞ்சுக்குத்தான்.

கடியப்பட்டணத்துக்காரன். மீன்பிடிக் குடும்பம். ஆனால் வள்ளத்தில் ஏறினால் அவனுக்கு வாந்தி வரும். ஊரில் அதைவிடப் பெரிய கேலி இல்லை. கரையிலேயே உட்கார்ந்து படம் வரைந்து பழகினான். கோயில் திருவிழாக் கொடிகளுக்குச் சிறகு வைத்த சம்மனசுகள் எழுதுவான். அவன் கொண்டுவந்த நீர்வண்ணப் படத்தைப் பிள்ளைவாள் தலைகீழாக வெகுநேரம் பார்த்தார். நேராகத் திருப்பியபோது நாங்களும் பார்த்தோம். கடப்புறத்தில் மூன்று பெண்கள் மீன் காயப்போடுகிறார்கள். ஒரு கட்டுமரத்தின்மேல் காக்கை உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் மணல் கறுப்பு. அந்தக் கறுப்பின்மேல் மீன் ஒவ்வொன்றும் அப்போதுதான் தேய்த்து வைத்த வெள்ளிக் கரண்டி மாதிரி கிடந்தது.

மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல் கறுப்பு என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சீமைக்காரன் அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டே போகிறான். சீமைக்குத் தெரிந்தது மதராஸுக்குத் தெரிந்திருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மூன்று பிளாக்கும் வந்தன. அடித்தோம். மஞ்சள், சிவப்பு, நீலம். கடைசித் தாளை மீரான் அண்ணன் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். “இது எந்த ஊரு வே?”

மணல் மஞ்சளாக இருந்தது. கடலை மாவு மாதிரி மஞ்சள்.

நடந்தது என்னவென்று எனக்கு உடனே புரிந்தது. பிளாக் செய்கிற இடத்தில், போட்டோவிலிருந்து வந்த தகட்டைத் திராவகத்தில் அரித்து, பிறகு ஒருவர் கையால் திருத்துவார். அந்த நல்ல மனிதர் கடற்கரை கறுப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். போட்டோவில் ஏதோ கோளாறு, பாவம், நாஞ்சில் நாட்டுக்காரர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்று அக்கறையாகச் சிவப்பிலும் நீலத்திலும் மணல் இருந்த இடத்தை அரித்து எடுத்து, மஞ்சளை மட்டும் விட்டுவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒட்டகத்தை எருமையாக்கியவனுக்கு அந்த உரிமை இல்லை.

பிளாக்கில் உள்ளதை எடுக்கலாம். இல்லாததைச் சேர்க்க முடியாது. புதிதாகச் செய்து வரவழைக்கவும் நேரமில்லை. ஏனென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை மிக்கேலுக்குத் திருவனந்தபுரத்தில் நேர்காணல். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் உத்தியோகம். விண்ணப்பித்தவர்கள் அச்சில் வந்த தங்கள் படம் ஒன்றோடு வரவேண்டும் என்பது நிபந்தனை. கையால் வரைந்த மூலப்படத்தை அவர்கள் பார்க்க மாட்டார்களாம். அச்சில் வந்தால்தான் படம்.

அன்றைக்கு மிக்கேல் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டையும் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பென்சிலை எடுத்து மஞ்சள் மணல் தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

பிள்ளைவாள் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். “மிக்கேல், இது எந்தக் கடப்புறம்?”

“எங்க ஊருதான் அண்ணாச்சி.”

“உம்ம ஊருல மணலு என்ன நிறம்?”

மிக்கேல் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“உம்மகிட்டத்தான் கேக்கேன்.”

“கறுப்பு.”

“இதுல?”

“மஞ்சளு.” பென்சிலைக் கீழே வைத்து, “மஞ்சளும் கொள்ளாம் அண்ணாச்சி. பாக்கதுக்கு ஒரு ஐசுவரியம் உண்டு” என்றான்.

“மீனு எங்கவே?”

மீன்கள் அங்கேதான் இருந்தன, ஆனால் மஞ்சளுக்குள் கலந்துபோய், வெயிலில் வைத்த விளக்கு மாதிரி தெரியாமல் இருந்தன.

“அண்ணாச்சி,” என்றான் மிக்கேல், “எனக்க அப்பன் என்னை மூணு மட்டம் வள்ளத்துல ஏத்திப் பாத்தாரு. மூணு மட்டமும் நான் கெடந்த கெடப்பைப் பாத்து மீனே சிரிச்சிருக்கும். இந்தச் சோலி கெடைக்கல்லேண்ணா கொழும்புக்குப் போகணும். மச்சான் அங்க கடைகளுக்கு போர்டு எழுதுகான், வா வாங்கான். தூத்துக்குடியில கப்பலேத்தி விட்டா நான் கொழும்புக்குப் போய்ச் சேருவேன். எனக்க குடலு தூத்துக்குடியிலேயே கெடக்கும்.”

மீரான் அண்ணன் சிரித்துவிட்டு, யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு இருமினார்.

“உமக்கு இந்தப் படம் நேர் இல்லை, பொய்யிண்ணு தெரியும்லா?”

“தெரியும். கேக்கப்போறவருக்குத் தெரியாதே. படம் எனக்க படம், கையெழுத்தும் எனக்க கையெழுத்து. போட்டாச்சு. உங்க நெயமம் அதுதானே அண்ணாச்சி?”

பிள்ளைவாளைப் பிள்ளைவாளின் கயிற்றாலேயே கட்டிவிட்டான். இத்தனை வருஷத்தில் ஓவியர்கள் கையெழுத்துப் போட மறுத்துத்தான் கண்டிருக்கிறோம். போடக்கூடாததில் போட்டுவிட்டு ஓட்டு என்பான் ஒருவன் என்று யாரும் யோசிக்கவில்லை. பிள்ளைவாள் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் அதற்குமுன் கண்டதில்லை. அந்தப் பெஞ்சு ஓவியர்களுக்கு உள்ளது.

“நெயமம் அதுதான்,” என்றார். “ஓட்டத்தான் வேணும். எனக்கு ஒரு உபகாரம் செய்யும். புதன்கிழமை வரைக்கும் தாரும். அதுக்குள்ள மணலு கறுக்கல்லேண்ணா மஞ்சளையே ஓட்டித் தாறேன். அட்டையில எனக்க பேரு மட்டும் இருக்காது.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “ஞானம், ஒட்டகம் வெட்டுன கை இன்னும் இருக்கா?”

நாலாவதாக ஒரு பிளாக். கறுப்புக்கு மட்டும். மரத்தில், கையால். மஞ்சளும் சிவப்பும் நீலமும் விழுந்த தாளின்மேல் மணல் இருக்குமிடத்தில் மட்டும் கறுப்பு விழவேண்டும். மீன் இருக்கும் இடமெல்லாம் குழித்துவிட வேண்டும். அப்போதுதான் மீனின்மேல் மை படாது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மிக்கேல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் நான் முடியாது என்று சொல்லவேண்டும் என்றுதான் எதிர்பார்த்தான். அதனால் சொல்ல முடியவில்லை.

“நாளைக்கு இவன்கூட கடியப்பட்டணத்துக்குப் போவும்,” என்றார் பிள்ளைவாள். “ஒட்டகத்தைப் பாக்காம வெட்டுன மாதிரி மணலையும் வெட்டிராதீரும்.”

பஸ்ஸில் மணவாளக்குறிச்சி வரை போய் அங்கிருந்து நடந்தோம். கடப்புறத்தில் பெண்கள் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குந்தியிருந்து மணலைக் கையில் அள்ளிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதே கண் அப்படித்தான்.

“ஆரு மிக்கேலு இது, மணலை மோந்து பாக்குது?” என்றாள் ஒருத்தி. சிலுவம்மாள் என்று பெயர். மிக்கேலின் தகப்பனாருக்கு அக்காள் முறை.

“அச்சாபீசு அண்ணன், மாமி. மணலு பாக்க வந்திருக்கு.”

“மணலு பாக்கவா? அவுக ஊருல மணலு இல்லியா?”

“இருக்கு. மஞ்சளு.”

“பாவம்,” என்றாள் சிலுவம்மாள்.

கறுப்பு என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு நிறமே அல்ல என்று அங்கே கண்டேன். காய்ந்த இடத்தில் சாம்பல் படிந்த கரி. நனைந்த இடத்தில் அடுப்புக்கரி. அலை ஏறி இறங்குகிற விளிம்பில் சிவப்பாக ஒரு வரி, குங்குமம் சிந்தின மாதிரி. ஈர மீனை வைத்த இடத்தில் மீனைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு அதிகக் கறுப்பு. அதனால்தான் மீன் மின்னுகிறது. படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அதில் இருந்தது. நான்தான் அதுவரை காணவில்லை.

இவ்வளவும் பார்த்து எழுந்தபோது உச்சி வெயில். செருப்பைக் கரையிலேயே விட்டிருந்தேன். கறுத்த மணல் சூடேறினால் எப்படி இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. முதல் அடி வைத்ததும் துள்ளினேன். இரண்டாவது அடி வைக்காமலே துள்ளினேன். வேதத்தில் ஒரு பாட்டையும் இடையில் சொன்னதாக மிக்கேல் பிறகு சாதித்தான். பெண்கள் சிரித்த சிரிப்பு முட்டம் வரைக்கும் கேட்டிருக்கும்.

“அய்யோ, ஓலையில நில்லும்,” என்று சிலுவம்மாள் ஒரு முடைந்த ஓலையைத் தூக்கிப் போட்டாள். “மணலு பாக்க வந்த ஆளுக்கு மணலு நல்லா காட்டிக் குடுத்துட்டு.”

அப்போதுதான் படத்தில் மூன்று பெண்களும் ஏன் பாதத்தின் ஓரத்தை ஊன்றி நிற்கிறார்கள் என்று விளங்கியது. மஞ்சள் மணலில் அவர்கள் கூத்தாடுகிற மாதிரி இருந்தார்கள். கறுப்பு மணலில் கால் சுடுகிறது.

திரும்பும்போது மிக்கேல் முதல்தடவையாகச் சிரித்தான். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தான். கோட்டாறு வரை விட்டுவிட்டுச் சிரித்தான்.

வெட்டுவதற்குச் சீமைக் கட்டை வேண்டும். நல்ல மரத்தில்தான் மெல்லிய கோடு நிற்கும். என்னிடம் அப்படிப்பட்டது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் ஒரு முகத்தில் ஒட்டகம் இருந்தது. மறுமுகம் காலி. அதில் வெட்டினேன். மீனைச் சுற்றி வெட்டாமல் விட்டு, காய்ந்த இடங்களில் நெருக்கமாகக் கீறி, அலை விளிம்பில் கீறலை அகலமாக்கினேன். கீறின இடத்தில் அடியிலிருக்கும் மஞ்சள் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அதுவே சாம்பல் படிந்த தோற்றம் தரும். மதராஸ்காரரின் மஞ்சளும் வீண்போகவில்லை. மூலப்படத்தில் காக்கையும் கறுப்பாகையால், கட்டுமரத்தின்மேல் அதையும் சேர்த்து வெட்டினேன்.

புதன்கிழமை மீரான் அண்ணன் ஜன்னல்களைச் சாத்தினார். கறுப்பு மையில் துளி சிவப்பைக் குழைத்தார். கட்டையை மெஷினில் பூட்டியபோது, “அடியில எருமை குப்புறக் கெடக்கே, தாங்குமாவே?” என்றார்.

“ஒட்டகம்.”

“அப்ப தாங்கும். அது வெள்ளம் குடியாம கெடக்குமாம்லா.”

தாள் வந்தது. முற்றத்துக்குக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தோம். மீன்கள் திரும்ப வந்திருந்தன. ஒவ்வொன்றும் அதனதன் ஈரத்தோடு கிடந்தது. பெண்களின் காலில் சூடு வந்திருந்தது. பிள்ளைவாள் தலைகீழாகப் பார்த்து, நேராகப் பார்த்து, “மோசமில்லை” என்றார்.

மிக்கேல் கையெழுத்துப் போடவில்லை. பென்சிலைத் தொடவும் இல்லை. “போய்ட்டு வந்து போடுகேன் அண்ணாச்சி.”

“செரி. ரெண்டு தாளையும் கொண்டு போவும். மஞ்சளும் இருக்கட்டும், கறுப்பும் இருக்கட்டும். எதைக் காட்டணும்ங்கது உம்ம இஷ்டம்.”

இரண்டு தாளுக்கும் நடுவில் மெல்லிய காகிதம் வைத்து நானே சுருட்டிக் கொடுத்தேன். மெஷின் நின்றது. கையெழுத்து மஞ்சளில் இருக்கிறது, கறுப்பில் இல்லை. நேர்காணலில் மஞ்சளைக் காட்டி உத்தியோகம் வாங்கிவிட்டால், பத்திரிகையிலும் மஞ்சள்தான் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சர்க்காரிடம் பொய்யான படம் காட்டினான் என்று ஆகும். ஒட்டுவதற்குப் படமில்லாத பத்திரிகைப் பிரதிகள் அடுக்கி வைத்திருந்தபடியே கிடந்தன. மீரான் அண்ணன் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். விட்ட இடத்திலேயே திரும்பவும் விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மிக்கேல் வந்தான். சுருளை பெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். கடைசியில் மீரான் அண்ணன்தான் கேட்டார். “எதைக் காட்டினே மக்கா?”

“கறுப்பை.”

“பின்னே?”

“அதிகாரி பாத்துட்டு, அச்சாபீசுக்காரன் மையைக் கொட்டிட்டானான்னு கேட்டாரு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மத்ததை எடுத்திருக்கலாம். மடியிலதான் இருந்துது. எடுக்கத்தான் கையைக் கொண்டு போனேன்.” என்னைப் பார்த்தான். “அந்த நேரம் பாத்து இந்த அண்ணன் காலு பொள்ளித் துள்ளினது ஞாபகம் வந்துட்டு. சிரிச்சுப்போட்டேன்.”

“நேர்காணல்லயா?”

“ஆமா. என்ன சிரிப்புன்னு கேட்டாரு. சார், எங்க ஊரு மணலு இப்பிடித்தான், காலு வச்சா தெரியும்னேன். அவரு படத்தைத் திருப்பித் தந்துட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மணலுன்னா மஞ்சளு பூசத்தான் சொல்லிக் குடுக்கணும், உமக்கு அது வராது போலிருக்கேன்னாரு. அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு.”

பிள்ளைவாள் முற்றத்தைப் பார்த்தபடி நின்றார். “புதன்கிழமை நான் மஞ்சளை மட்டும் ஓட்டித் தந்திருந்தா உமக்கு அந்தச் சோலி கெடைச்சிருக்கும்.”

“கெடைச்சிருக்கும்,” என்றான் மிக்கேல். “ரப்பரு இருக்கா?”

கொடுத்தேன். சுருளைப் பிரித்து, மஞ்சள் தாளின் ஓரத்தில் இருந்த தன் கையெழுத்தை நிதானமாக அழித்தான். தூளை ஊதினான். பிறகு பென்சிலை எடுத்துக் கறுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டான். “மீரான் அண்ணே, மிதியும்” என்றான்.

பத்திரிகை தாமதமாக வந்தது. மணலில் மை அதிகமாகிவிட்டது என்று வெளியூர்ச் சந்தாதாரர்கள் சிலர் குறை சொன்னார்கள். பிள்ளைவாள் அவர்களுக்குப் பதில் எழுதவில்லை. இன்னும் சில வருஷம் பத்திரிகை ஓடி, வயல் தீர்ந்த இடத்தில் நின்றது. அதையெல்லாம் வரலாற்றில் யாராவது சேர்த்துக்கொள்ளட்டும்.

மிக்கேல் தூத்துக்குடிக்குப் போகிற அன்று, பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் கோட்டாறு சந்தைக்குப் பக்கத்துச் சவரக்கடையில் முகம் வழிக்க உட்கார்ந்தான். நானும் பிள்ளைவாளும் வழியனுப்பப் போயிருந்தோம். அந்தக் கடைக்காரர் மாதாமாதம் எங்கள் வண்ணப்படத்தைப் பத்திரிகையிலிருந்து பிரித்துச் சுவரில் ஒட்டுகிறவர். மிக்கேலின் படம் அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. அதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

சந்தைக்கு மீன் கொண்டுவந்த சிலுவம்மாள், காலிக் கடவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைப் பார்க்க வாசலில் வந்து நின்றாள். சுவரில் படத்தைக் கண்டாள். கிட்டே வந்தாள்.

“இது எங்க கடப்புறம்லா?” என்றாள். உற்றுப் பார்த்தாள். “ஏலே, இதுகளைப் பாரு. மீனைக் காயப்போட்டுட்டு மூணும் மூணு பக்கம் பாத்துக்கிட்டு நிக்கு. கட்டுமரத்துல காக்கா வந்து இருக்கு, வெரட்ட ஆளில்லை. வெளங்கினாப்பலதான்.”

பிள்ளைவாள் தொண்டையைச் செருமினார். “மணலு எப்பிடிம்மா இருக்கு?”

அவள் அவரைப் பார்த்தாள். படத்தைத் திரும்பப் பார்த்தாள். கேள்வி விளங்கவில்லை.

“மணலுக்கு என்ன? அது பாட்டுக்குக் கெடக்கு.”

நாற்காலியில் மிக்கேலின் தோள் குலுங்கியது. “சிரியாதீரும் வே, கத்தி கழுத்துல இருக்கு” என்றார் கடைக்காரர். மிக்கேல் நுரைக்குள்ளிருந்தே கண்ணைத் திறந்து, சுவரில் இருந்த தன் படத்தை நேராகப் பார்த்தான்.

“கொள்ளாம்,” என்றார் பிள்ளைவாள்.

பஸ் புறப்படும்போது மிக்கேல் ஜன்னலில் தலையை நீட்டினான். கொழும்பைப் பற்றியோ கப்பலைப் பற்றியோ ஏதாவது சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். “அண்ணே, மாமி சொன்னதும் நேருதான். மறுபடியும் அச்சடிச்சா அந்தக் காக்காயை எடுத்துரும்” என்றான்.

எடுப்பது சுலபம். கட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பத்திரிகை தொடங்குகிறவர்கள் கேட்டால் தருவேன். ஒட்டகத்தை அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். மறுமுகத்தில் காக்கை இருந்துவிட்டுப் போகட்டும்.